மேரியன் என்றும் சேரா என்றும்

பேர்ள் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், "ஆக்களை ஒட்டுறதும் பிரிக்கிறதும்" என்பாள். மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளர் பதிவுப் பிரிவில் இருக்கிறாள். ஒரே மனிதர் ஒருநாள் நெஞ்சுவலியோடு வருவார். ஆறு மாதம் கழித்துக் கால் முறிந்து வருவார். இரண்டு தடவையும் பெயரை இரண்டு விதமாக எழுத்துக்கூட்டிச் சொல்லியிருப்பார். கணினிக்குள் அவர் இரண்டு பேராகிவிடுவார். அந்த இரண்டு பேரையும் தேடிப்பிடித்து ஒருவராக்க வேண்டும். சில வேளைகளில் யாரோ அவசரப்பட்டு ஒருவராக்கிவிட்ட இருவரைத் திரும்பப் பிரிக்கவும் வேண்டும். பின்னதுதான் பயங்கரம். ஒருவருடைய மருந்து மற்றவருக்குப் போய்விடும்.

பெயரை வைத்து ஆளை நம்பக் கூடாது என்பதை அவள் அங்கே போய்க் கற்றுக்கொள்ளவில்லை. மன்னாரில், பேசாலைக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவள் மார்கரீத்தா. பள்ளி இடாப்பில் மேரி பேர்ள். தகப்பன் பெயர் அவளுடைய பத்திரங்களில் இராயப்பு. அண்ணனுடைய பத்திரங்களில், ஒரு கிளாக்கர் தன் பாட்டுக்கு ஆங்கிலமாக்கி எழுதிவிட்டதால், பீற்றர். இராயப்பரும் பீற்றரும் ஒரே புனிதர்தான் என்று எந்தத் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் தெரியும். குடிவரவு அதிகாரிக்குத் தெரியவில்லை. இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று நிரூபிக்க ஒன்றரை வருடம் போயிற்று. அவளுடைய கணவன் யோசேப்பைக்கூட அவனுடைய தாய் கடைசிவரை சூசை என்றுதான் கூப்பிட்டாள்.

ஆகவே, அலெக் லமொண்ட் தன்னுடைய சிக்கலை அவளிடம் கொண்டுவந்தபோது, இது என்ன பெரிய விஷயம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அலெக் அவளுடைய சம்பந்தி. மகள் றொசானா கட்டியிருப்பது அவருடைய மகன் ஹேமிஷை. அலெக்குக்கு எழுபத்தைந்து வயது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பால்மாடுகளை விற்றுவிட்டு, கோலாக் என்ற ஊரில் தனியே இருந்தார். இரண்டு வருடமாக அவருடைய கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. ஆட்களோடு பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, அவர்களுடைய காதைப் பார்ப்பது போலப் பேசுவார்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொயிண்ட் குக்கில் பேர்ள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், கையில் ஒரு பழைய பிஸ்கட் பேணியோடு வந்தார். உள்ளே அவருடைய தாத்தா டங்கனின் குறிப்புப் புத்தகம் இருந்தது.

"இதில் ஒரு வரி இருக்கிறது. எனக்கு மனப்பாடம். இருந்தாலும் நீங்கள் ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

பேர்ள் கையைத் துடைத்துவிட்டு வாசித்தாள். 'என் தாய் மேரியன், ஹியூ லமொண்டின் மனைவி, 1889 ஜூன் மாதம் மறைந்தார்.'

"சரியாக அதுதான். ஊருக்கு வெளியே எங்கள் பழைய இடுகாட்டில், கல்லில்லாத குழி ஒன்று லமொண்ட் பெயரில் இருக்கிறதாம். வேண்டுமானால் கல் வைக்கலாம் என்று இடுகாட்டுக் குழுவில் சொன்னார்கள். என் கண் முழுதாகப் போவதற்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும். போன பிறகும் வெட்டின எழுத்தைத் தடவிப் பார்க்கலாம் அல்லவா? ஆனால் அவர்களுடைய புத்தகத்தில் 1889 ஜூனில் புதைக்கப்பட்டவள் சேரா லமொண்ட். மேரியன் என்று ஒருத்தியே இல்லை. என் ஆளின் குழிக்குள் யாரோ கிடக்கிறாள்!"

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். அலெக் சிரிக்கவில்லை.

"அம்மாட்ட குடுங்கோ, ஷி டஸ் திஸ் ஃபோர் எ லிவிங்" என்றாள் றொசானா, மாமனாருக்கும் தாய்க்கும் ஒரே வசனத்தில்.

அன்று அவர் போன பிறகு, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த யோசேப் கேட்டான்:

"நீர் ஏன் இதுக்குள்ள தலையை விடுறீர்? செத்து நூற்றிமுப்பது வருசமாச்சு. பிழையாச் சொன்னா சம்பந்தியோட கோபம் வரும்."

"பிழையா ஏன் சொல்லப் போறன்? மூண்டு விசயம் பொருந்தினா ஒராள். பொருந்தாட்டி ரெண்டு பேர். அவ்வளவுதானே" என்றாள் பேர்ள்.

அவ்வளவுதான் என்று அவள் நினைத்தது ஒரு கிழமைக்குத்தான் நின்றது.

முதலில் சேராவின் மரணச் சான்றிதழை வரவழைத்தாள். வயது நாற்பது. தகப்பன் ஜோன் மெக்கினன், தாய் கதரின். பிறந்த இடம் ஸ்கொட்லாந்தில் டைரீ என்ற தீவு. பிறகு தாத்தா டங்கனின் பிறப்புச் சான்றிதழ் வந்தது. ஆண்டு 1880. தகப்பன் ஹியூ லமொண்ட், தாய் மேரியன் மெக்கினன், தாய் பிறந்த இடம் அதே டைரீ தீவு. பிறப்புகளின் பொது அட்டவணையில் தேடியபோது, டங்கனுக்குப் பிறகு ஹியூவுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் அகப்பட்டார்கள்: 1884இல் கதரின், 1886இல் ஜோன். அந்த இருவருக்கும் தாய் என்று எழுதியிருந்தது சேரா மெக்கினன்.

ஒரே புருஷன், ஒரே தீவு, ஒரே குடும்பப் பெயர். பிள்ளைக்குப் பிள்ளை தாயின் பெயர் மட்டும் மாறியிருந்தது.

ஸ்கொட்லாந்தின் பழைய கோயில் பதிவுகளுக்குள் இறங்கினாள். அங்கே இன்னும் மோசம். ஜோன் மெக்கினன், கதரின் தம்பதிக்கு 1845இல் ஒரு மேரியன் ஞானஸ்நானம் பெற்றிருந்தாள். 1849இல் மறுபடியும் ஒரு மேரியன். சேரா என்று ஒருத்தி எந்த வருடத்திலும் இல்லை. பேர்ள் திரையின் முன் நெடுநேரம் இருந்தாள். மூத்த பிள்ளை சாக, அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் இருந்ததுதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். 1853இல் அந்தக் குடும்பம் கப்பலேறியபோது எழுதிய பட்டியலிலும், தாய் தகப்பனோடு ஒரே ஒரு பெண்பிள்ளைதான் இருந்தாள். பெயர் மேரியன். வயது எட்டு என்று போட்டிருந்தது. 1849இல் பிறந்தவளுக்கு நான்கு வயதுதானே இருக்க வேண்டும்? பேர்ள் அந்த எட்டின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போனாள்.

அப்படியானால் சேரா எங்கிருந்து வந்தாள்?

டைரீ தீவில் பழைய பதிவுகளைப் பேணும் சிறு சங்கம் ஒன்று இருந்தது. அதற்கு மின்னஞ்சல் எழுதினாள். பெகி என்ற பெண் மூன்றாம் நாள் பதில் எழுதினாள். அந்த மக்கள் பேசியது ஆங்கிலம் அல்ல, கேலிக் மொழி. வீட்டில் அழைத்த பெயர் ஒன்று. குருவானவரோ எழுத்தரோ ஆங்கிலத்தில் எழுதியது வேறொன்று. 'மோர்' என்று ஒரு பெண்பெயர் உண்டு. அதை ஒருவர் மேரியன் என்று எழுதுவார், இன்னொருவர் சேரா என்று எழுதுவார். இரண்டும் அதே மோர்தான்.

பேர்ள் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"மோரோ? குடிக்கிற மோரோ?" என்றான் யோசேப்.

"பகிடி விடாதேங்கோ. உங்களை மாமி சூசை எண்டு கூப்பிட்டவ. லைசென்ஸில என்ன கிடக்கு?"

"யோசேப்."

"ரெண்டு பேரோ நீங்கள்?"

யோசேப் சிரித்தான். பேர்ளுக்குத் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது போலிருந்தது. மேரியனும் சேராவும் ஒருத்தி. இராயப்பும் பீற்றரும் ஒருவர் என்று அவள் குடிவரவு அதிகாரியிடம் தொண்டை வறளச் சொன்னாளே, அதே கதை. இது அவளுக்குத் தெரிந்த கதை. வேறு யாருக்கும் புரியாமல் போனாலும் தனக்குப் புரியும் என்ற எண்ணமே அவளுக்கு இனித்தது.

உறுத்திய ஒன்றிரண்டு விஷயங்கள் இருந்தன. மரணச் சான்றிதழில், திருமணமான வயது முப்பத்துமூன்று என்று எழுதியிருந்தது. ஆனால் ஹியூவுக்கும் மேரியனுக்கும் 1868இல் நடந்த திருமணப் பதிவை அவள் பார்த்திருந்தாள். அதில் மணப்பெண்ணுக்கு இருபத்துமூன்று. இரண்டை மூன்றாக எழுதிவிட்டார் எழுத்தர் என்று நினைத்தாள். பிள்ளைகளின் பெயர்களாக அந்தச் சான்றிதழில் இருந்தவை கதரின், ஜோன் என்ற இரண்டு மட்டுமே. டங்கனைக் காணவில்லை. தகவல் கொடுத்தவர் ஒரு அயலவர் என்று போட்டிருந்தது. அயலவருக்கு எல்லாப் பிள்ளைகளையும் நினைவிருக்குமா?

அலெக்குக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்படியென்றால் அங்கே கிடப்பது அவளேதான்" என்றார்.

"அவரேதான், அலெக்."

"இத்தனை வருடம் பெயரில்லாமல்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் தன் மனைவியின் அடக்கத்தன்றுகூடக் கண் கலங்கியதை அவள் கண்டதில்லை.

கல் வெட்டுகிறவரிடம் வாசகம் போயிற்று. 'மேரியன் (சேரா) லமொண்ட், டைரீ தீவு 1849 – 1889, டங்கனின் தாய்.' ஏப்ரல் கடைசியில் வெட்டத் தொடங்குவதாக அவர் சொன்னார்.

ஏப்ரல் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேர்ளின் மேசைக்கு இரண்டு பதிவுகள் வந்தன. இரண்டிலும் பெயர் இரத்தினசிங்கம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டு எழுத்து வித்தியாசம். பிறந்த தேதி இரண்டிலும் ஜனவரி ஒன்று. முகவரி ஒரே வீடு. ஒட்டிவிடலாம் என்று வார்டிலிருந்து குறிப்புப் போட்டிருந்தார்கள். பேர்ள் மூன்றும் பொருந்துகிறது என்று பார்த்தாள். சுட்டியை அந்தப் பொத்தானுக்கு நகர்த்தினாள்.

அடுத்த மேசையில் இருப்பவள் யாமினி. கோயம்புத்தூர்க்காரி, வேலைக்கு வந்து மூன்று வருடம். எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம் இருங்க. இவருக்கு ரத்தம் ஓ. அவருக்கு பி."

பேர்ள் கையை எடுத்துவிட்டாள்.

"ரெண்டு பேருங்க்கா. பெரியப்பா மகன் சித்தப்பா மகனா இருப்பாங்க, ஒரே வீட்ல இருக்காங்க போல. சரியான தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் ஜனவரி ஒண்ணுன்னு போட்டு அனுப்பிடறாங்கல்ல?"

"ஓம்" என்றாள் பேர்ள். ஜனவரி ஒன்றைக் கண்டால் நம்பக் கூடாது என்று யாமினிக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"நீங்க இப்பிடி விடமாட்டீங்களேக்கா. ஒடம்பு சரியில்லையா?"

பேர்ள் எழும்பித் தண்ணீர் எடுக்கப் போனாள். குழாயடியில் நிற்கும்போதுதான் அது வந்தது. பொருந்துவதைப் பார்த்தேன், பொருந்தாததை ஏன் பார்க்கவில்லை? முப்பத்துமூன்று என்பது பிழை என்று யார் சொன்னது? டங்கனை அயலவர் மறந்தார் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன். 1849இல் பிறந்தவளுக்கு 1868இல் இருபத்துமூன்று வயது எப்படி வரும்? கப்பலில் எட்டு வயது எப்படி வரும்? அந்தக் கணக்கை அவள் மனதுக்குள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள்.

அன்று மதியச் சாப்பாட்டைத் தொடாமல் கைபேசியில் தேடினாள். 1849இல் பிறந்தவள் முப்பத்துமூன்று வயதில் கட்டினால் ஆண்டு 1882. அந்த வருடத் திருமணங்களில் ஹியூ லமொண்ட் என்று போட்டதும் முதல் வரியிலேயே வந்தது. மணமகன் ஹியூ லமொண்ட். மணமகள் சேரா மெக்கினன். பதிவின் படத்தைத் திறந்தபோது மணமகனின் நிலை என்ற இடத்தில் ஒரு சொல் இருந்தது: மனைவியை இழந்தவர்.

இறப்புகளில் மேரியன் லமொண்ட் என்று தேடினாள். இதுவரை 1889ஐ மட்டுமே தேடியிருந்தாள். இப்போது 1880. இருந்தாள். வயது முப்பத்தைந்து. டங்கன் பிறந்து பதினோராம் நாள்.

இரண்டு பெண்கள். அக்காவும் தங்கையும். அக்கா பிள்ளை பெற்று இறந்துபோக, தங்கை அந்தப் பிள்ளையை எடுத்து வளர்த்து, அத்தானையும் கட்டி, தானும் இரண்டு பெற்று, நாற்பது வயதில் இறந்துபோயிருக்கிறாள். அந்த இருவரையும் ஒருத்தியாக்கி, கல் வெட்டுகிறவரிடமும் அனுப்பிவிட்டாள் பேர்ள். பதினெட்டு வருட அனுபவத்தோடு.

ஆனால் இது முடிவு என்று எப்படி நம்புவது? ஒருமுறை நிச்சயமாகத் தெரியும் என்றுதானே நினைத்தாள்? அப்பாவின் பெயரை வைத்துத் தனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எண்ணியது நினைவுக்கு வந்து முகம் சுட்டது. பெகிக்கு மறுபடி எழுதினாள். ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் உயிரோடு இரண்டு மோர் இருக்க முடியுமா? எந்தத் தாய் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயரை வைப்பாள்?

பெகியின் பதில் நீளமாக வந்தது. வைப்பார்கள். மூத்தவளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர், அடுத்தவளுக்குத் தகப்பன்வழிப் பாட்டியின் பெயர். இரண்டு பாட்டிகளுக்கும் மோர் என்றே பெயர் இருந்தால், இரண்டு பிள்ளைகளும் மோர்தான். ஒரு பாட்டியை விட்டால் அந்தப் பக்கம் கோபித்துக்கொள்ளும். வீட்டில் பெரிய மோர், சின்ன மோர் என்று கூப்பிடுவார்கள். இந்த மெக்கினன் வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. கப்பலில் சின்னவள் சித்தப்பாவின் குடும்பத்தோடு வேறு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறாள், நான்கு வயது, சேரா என்று. அந்தப் பக்கத்தின் படத்தையும் பெகி இணைத்திருந்தாள்.

பேர்ள் முதல் வேலையாகக் கல் வெட்டுகிறவரைக் கூப்பிட்டாள். அவர் இன்னும் உளியை எடுக்கவில்லை.

"நிறுத்தி வையுங்கள். ஆள் இரண்டு" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, ஆனால் குழி ஒன்றுதானே?" என்று கேட்டார்.

சனிக்கிழமை கோலாக்குக்குப் போனார்கள். யோசேப்தான் காரோட்டினான். வழி முழுக்க பேர்ள் எதை முதலில் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருமுறை அக்காவில் தொடங்கினாள், ஒருமுறை தங்கையில். யோசேப் இடையில், "எனக்கே ஆர் செத்தது ஆர் இருந்தது எண்டு விளங்கேல்லை. அந்த மனிசனுக்கு எப்பிடி விளங்கப் போகுது?" என்றான்.

அலெக் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். கோப்பையின் விளிம்பில் விரலை வைத்து, சூடு தொட்டதும் நிறுத்துவது அவர் பழக்கம். பேர்ள் ஒவ்வொரு பத்திரமாக வாசித்தாள். நடுவில் எதையும் விளக்கவில்லை. கடைசிப் பத்திரம் முடிந்ததும் அவர் முகத்தைத் திருப்பி அவளுடைய காதைப் பார்த்தார்.

"நீங்கள் எனக்கு ஒருத்தி என்று சொன்னீர்கள்."

"ஓம். அது என்னுடைய பிழை, அலெக்."

"நான் அங்கே போய்ப் பேசிவிட்டு வந்தேன். பூ வைத்துவிட்டு வந்தேன்." குரல் உயரவில்லை. "அப்படியென்றால் அங்கே கிடப்பவள் எனக்கு யாருமில்லை."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று பேர்ள் தன்னை அறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாறினாள். அவள் டங்கனின் தாயுடைய தங்கை. டங்கனுக்குத் தாய்க்குப் பின் வந்த தாய். டங்கனுடைய தம்பி தங்கையைப் பெற்றவள். சொல்லச் சொல்ல அலெக்கின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. அவருடைய பாஷையில் சித்தியும் மாமியும் அத்தையும் எல்லாம் ஒரே சொல். தகப்பனின் இரண்டாம் தாரத்துக்கு இன்னொரு சொல், அதுவும் பேய்க்கதைகளில் வருவது போன்ற ஒரு சொல். பேர்ள் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக் குழப்பினாள்.

சுவரோடு கதிரையில் இருந்த யோசேப் முன்னால் சாய்ந்தான்.

"எங்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது" என்றான், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "சின்னம்மா. அம்மாவின் தங்கையும் சின்னம்மா. அம்மா இறந்த பிறகு அப்பா கட்டினவரும் சின்னம்மா. ஒரே ஆள் இரண்டுமாக இருந்தால் கேள்வியே இல்லை."

"என்ன அர்த்தம்?"

"சின்ன அம்மா."

அலெக் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடி சொன்னார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், ஜன்னலோரம் முதுகைக் காட்டியபடி நின்றார். தேநீர் ஆறிப்போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

"அப்போ பெற்றவள்? அவள் எங்கே கிடக்கிறாள்?"

பேர்ள் அதையும் தேடியிருந்தாள். மேரியனின் மரணப் பதிவில் ஆற்றங்கரை இடுகாடு என்று இருந்தது. அந்த இடுகாடு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. புத்தகம் இல்லை. ஆறு இரண்டு தடவை திசை மாறியிருக்கிறது. இன்று அங்கே யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம்.

"அந்தப் பக்கம் நான் இருபது வருடம் மாடு ஓட்டியிருக்கிறேன்" என்றார் அலெக்.

அடுத்து வந்த மூன்று கிழமைகளில் அவர் வாசகத்தை நான்கு தடவை மாற்றினார். முதலில் கல்லே வேண்டாம் என்றார். பிறகு மேரியன் பெயர் மட்டும் போதும் என்றார். அங்கே கிடக்காதவளின் பெயரை அங்கே வெட்ட முடியாது என்று இடுகாட்டுக் குழு சொன்னது. பிறகு சேரா மட்டும். பிறகு ஒருநாள் காலையில் வேலைக்கே கூப்பிட்டு, "அந்தப் பெண் இரண்டு பெயரையும் கேட்டுத் திரும்பிப் பார்த்திருப்பாளா? அவளை வீட்டில் என்னவென்று கூப்பிட்டார்கள்? அதைப் போடுங்கள்" என்றார்.

கடைசியில் நின்றது இதுதான்: 'மோர். சேரா லமொண்ட், பிறப்பால் மெக்கினன். டைரீ தீவு 1849 – 1889. கதரின், ஜோன் என்பவர்களைப் பெற்றார். அக்கா மேரியனின் மகன் டங்கனை வளர்த்தார்.' அக்காவின் பெயர் இப்படித் தங்கையின் கல்லுக்குள் வந்தது. குழு ஒத்துக்கொண்டது.

கல் வெட்டுகிறவர் மறுபடி கூப்பிட்டார். மோர் என்று கேலிக் மொழியில் எழுதும்போது ஓ எழுத்துக்கு மேல் ஒரு சிறு கோடு வருகிறதே, அது எந்தப் பக்கம் சாய வேண்டும்? ஒரு புத்தகத்தில் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம் என்றார். பேர்ளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பெகிக்கு எழுதிக் கேட்டாள். இன்று எழுதும் முறை ஒன்று, பழைய முறை வேறு, அந்தப் பெண்ணுக்கு எழுதவே தெரிந்திருக்காது என்று பதில் வந்தது. இன்றைய முறையையே வெட்டச் சொன்னாள்.

ஜூன் மாதத்தில் கல்லை நட்டார்கள். காற்று கடுமையாக அடித்தது. றொசானாவும் ஹேமிஷும் பின்னால் நின்றார்கள். அலெக் கையுறையைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிக்கொண்டு போனார். மேரியன் என்ற பெயர் வந்ததும் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. யோசேப் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் முதுகில் போட்டான்.

எழும்பும்போது பேர்ளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். டங்கனுக்குத் தெரியுமா? புத்தகத்தில் என் தாய் மேரியன் என்று எழுதினாரே. தேதி மட்டும் இவளுடையது."

பேர்ள் அதைப் பல நாளாக யோசித்திருந்தாள். பெற்றவளின் பெயர் தெரிந்து, அவள் இறந்த நாள் தெரியாமல், தான் கண்ணால் கண்ட சாவின் நாளை எழுதியிருக்கலாம். அல்லது தன்னை வளர்த்தவளை எல்லாரும் மோர் என்று கூப்பிடக் கேட்டு, மோர் என்றால் மேரியன் என்று பிற்பாடு யாரோ சொல்ல, அதை எழுதியிருக்கலாம். அப்படியானால், தனக்கு இரண்டு தாய் என்பதே தெரியாமல் அந்த மனிதர் வாழ்ந்து முடித்திருக்கிறார். இன்னொன்றும் இருந்தது. டங்கனுடைய திருமணப் பதிவை அவள் போன கிழமைதான் பார்த்தாள். அதில் தாயின் பெயர் சேரா.

அதையும் சொன்னாள். அலெக் காற்றுக்குள் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அப்போ தெரிந்திருக்கிறதா, தெரியவில்லையா?"

"எனக்குத் தெரியாது, அலெக்" என்றாள் பேர்ள். "எப்படிப் பார்த்தாலும் ஒரு பத்திரம் இடிக்கிறது."

அவர் தலையை ஆட்டினார். ஹேமிஷ் வந்து தகப்பனின் மறுகையைப் பிடித்தான். ஈரப் புல்லில் வழுக்காமல் மூவரும் மெதுவாகக் காருக்கு நடந்தார்கள்.